சாவியைத் திருப்பாத டெரிக்

கீழே வருவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. கற்பூரம் அடித்துச் சொல்லலாம், பைபிளில் கை வைத்துச் சொல்லலாம், தர்காவில் நின்றும் சொல்லலாம். மூன்றுக்கும் ராயபுரத்தில் நடந்தே போய்விடலாம். சந்தேகப்படுகிறவர்கள் எங்கே வேண்டுமானாலும் கூட்டிப் போகட்டும்.

கால்டாக்சி ஓட்டுகிற டெரிக்குக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பார்கள். தப்பு. போன மழைக்காலத்திலிருந்து அது உடம்பு பூராவும் பரவிவிட்டது. அந்த மழையில் சுரங்கப்பாதைத் தண்ணீரில் வண்டி நின்றுபோக, அவசரப்பட்டுச் சாவியைத் திருப்பினான். எஞ்சின் செத்தது. இன்ஷூரன்ஸ் சர்வேயர் கிருஷ்ணப்பன் வந்து பார்த்தார். "வெள்ளம் வந்தது கடவுள் செயல், அதுக்குப் பணம் உண்டு. சாவியைத் திருப்பினது உங்க செயல், அதுக்கு இல்ல" என்று கைவிரித்தார்.

அதனால்தான் இந்த வருஷம் பாலிசி புதுப்பிக்கும்போது, விம்கோ நகரில் மளிகைக்கடைக் கல்லாவில் உட்கார்ந்தபடியே இன்ஷூரன்சும் விற்கிற பாலகணேஷ், "அண்ணே, எஞ்சினுக்குன்னு கூடுதல் கவர் ஒண்ணு இருக்கு. போட்டுட்டு நிம்மதியாத் தூங்குங்க" என்றபோது, டெரிக் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டான்.

"ஒண்ணே ஒண்ணு. தண்ணி புகுந்தா, என்ன ஆனாலும் சாவியத் தொடாதீங்க."

"தொட்டா?"

"கவர் போச்சு."

மே மாதம். எண்ணூரில் ஒரு சவாரியை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், கடலோர ரோட்டில் கருங்கல் தடுப்பை ஒட்டி வண்டியை நிறுத்தி, அடுத்த புக்கிங்குக்குக் காத்திருந்தான். கல்லைத் தாண்டி ஓர் அலை வந்தது. காருக்குள் முழங்கால் வரை தண்ணீர்.

"யோவ், வண்டிய எடுய்யா!" பின்னால் நின்ற கன்டெய்னர் லாரிக்காரன் கத்தினான்.

"எடுக்க மாட்டேன்!"

"கடல் வந்துகினு கீதுய்யா!"

"வர்ட்டும்! சாவியத் தொடக் கூடாதுன்னு ரூல் கீது!"

இரண்டாவது அலை காரைத் தூக்கியது. டெரிக் ஜன்னல் வழியாகக் குதித்துக் கரையேறினான். கார் யாரோடும் சண்டை போடாமல் கிழக்கே பார்த்துப் போயிற்று. டாஷ்போர்டு ஸ்டாண்டில் இருந்த போனில் டாக்சி ஆப் ஓடிக்கொண்டிருந்தது. துறைமுகத்தைத் தாண்டுவதற்குள் இரண்டு புக்கிங் விழுந்து, இரண்டையும் எடுக்காத குற்றத்துக்கு அவன் ரேட்டிங்கைக் குறைத்தார்கள். கார் போனதைவிட அதற்குத்தான் அவனுக்கு அதிகம் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் ஜெகதீசனின் விசைப்படகு வலையில் ஏதோ கனமாக மாட்டியது. சுறா என்று ஆசையாக இழுத்தார்கள். மஞ்சள் நம்பர் பிளேட் தெரிந்தது. வலையில் ஏறினது படகுக்குச் சொந்தம், கரைக்கு வந்தால் ஏலம் என்பது ஜெகதீசனின் சட்டம். டெரிக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு ஓடிவந்தபோது, வஞ்சிரத்துக்கும் சங்கராவுக்கும் நடுவில் அவன் காரைக் கூவிக்கொண்டிருந்தார்கள்.

"டேய், அது என் வண்டிடா!"

"யார் சொன்னா?" என்றான் ஜெகதீசன்.

"ஆர்சி புக்கு சொல்து!"

"சுறாவுக்குக்கூட ஒரு ஆத்தா அப்பன் இருந்திருக்கும் நைனா. வலைல வந்தா நம்பள்து."

கூட்டத்தில் மீன் எடுக்க வந்திருந்த டெரிக்கின் அக்கா வியாகுலம்மாள் கூடையை வைத்துவிட்டுக் கையைத் தூக்கினாள். பெரிய வஞ்சிரம் ஒன்றின் விலைக்குக் கார் அவளுடையதாயிற்று. "மொறைக்காதடா. வேற எவனாச்சும் எடுத்திருந்தா ஐஸ் பொட்டியாக்கியிருப்பான்" என்றாள்.

பாலகணேஷைக் கூட்டிக்கொண்டு கிருஷ்ணப்பன் வந்தார். காரை ஒரு சுற்று சுற்றினார். ஸ்டீயரிங்கில் உட்கார்ந்திருந்த நண்டுக்கு வணக்கம் வைக்காத குறையாக ஒதுங்கினார்.

"சார், இந்தத் தபா சாவியத் தொடவே இல்ல. கூடுதல் கவரும் கீது. எஞ்சினுக்குத் துட்டு குடுத்தாத்தான் வண்டி ஓடும், வண்டி ஓடினாத்தான் என் வூட்ல அடுப்பு எரியும்."

கிருஷ்ணப்பன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "தண்ணி காருக்குள்ள வந்தா கவர் உண்டு. கார் தண்ணிக்குள்ள போனா கிடையாது."

டெரிக்கின் காதிலிருந்து புகை வந்தது. அனல்மின் நிலையப் புகை என்று சிலர் சொல்வார்கள். அன்றைக்குக் காற்று அந்தப் பக்கம் இல்லை.

"அப்போ நான் இன்னாதான் பண்ணியிருக்கணும்?"

"முதல் அலையிலயே வண்டியை எடுத்திருக்கணும்."

"சாவியத் திருப்பாமலா?"

"அதை ஏஜென்ட்டைக் கேளுங்க."

ஏஜென்ட் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாங்கும்போது பல்லக் காட்றீங்க, குடுக்கும்போது பாலிசியக் காட்றீங்களா!" டெரிக் போட்ட சத்தத்தில் ஏலக்காரர் வாயை மூடினார். "மயை பேஞ்சா என் தப்பு. அலை அடிச்சா என் தப்பு. திருப்பினா தப்பு, திருப்பலன்னாலும் தப்பு! இன்னாத்துக்குடா கவரு, மூஞ்சில போட்டுக்கவா? இந்தா, இப்பத் திருப்பறேன், பாத்துக்கோ!"

ஏறி உட்கார்ந்து, நண்டைத் தள்ளிவிட்டு, கழுத்தைத் திருகுகிற மாதிரி சாவியைத் திருகினான். முதல் திருகலிலேயே எஞ்சின் பிடித்தது. சைலன்சரிலிருந்து இறால் கொட்டியது. வியாகுலம்மாள் ஒன்றைக்கூடத் தரையில் விழவிடாமல் கூடையில் பிடித்தாள்.

கிருஷ்ணப்பன் எழுதினார்: 'எஞ்சின் நல்ல நிலையில் உள்ளது. நஷ்டம் இல்லை. கூடுதல் கவர் தேவைப்படவில்லை.'

டெரிக் அதைப் படித்தான். சாவியை உருவி, துறைமுகத் தண்ணீரில் எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரத்துக்கு வீசினான். எஞ்சின் நின்றது.

பாலகணேஷ் தொண்டையைச் செருமினான். "அண்ணே, சாவி தொலைஞ்சா அதுக்குன்னு தனியா ஒரு கவர் இருக்கு."

பாலகணேஷிடமிருந்து டெரிக்கைப் பிரித்தெடுக்க ஜெகதீசனின் படகு ஆட்கள் அத்தனை பேரும் வேண்டியிருந்தது.

ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை மீன்பிடித் தடைக்காலம். மே மாதத்தில் காசிமேட்டு விசைப்படகு எதுவும் கடலுக்குப் போவதில்லை.