மெல்ஸ்டன் தேவதூதர்கள்

"இன்னைக்கு அந்தக் கூரையப் பாக்காம நான் வீடு திரும்பப் போறதில்ல," என்று காரைக் கிளப்பும்போதே என் புருஷனிடம் சொல்லிவிட்டேன். "கதவ ஒடைச்சாவது உள்ள போறோம்."

"அது ஐந்நூறு வருஷத்துக் கதவு, பெரில்," என்றான் நெவில்.

"எனக்கும் எழுபது தாண்டியாச்சு. ரெண்டு கிழமும் மோதிப் பாக்கட்டும், எது ஜெயிக்குதுன்னு தெரிஞ்சிரும்."

அவன் சிரித்தான். சிரித்த முகத்தை என் பக்கம் திருப்பினான், ஆனால் பார்வை என் காதைத் தாண்டி எங்கோ போயிற்று. வலது கண் போய் ஒரு வருஷமாகிறது. இடது கண்ணில் புகைக்குள் பார்ப்பது போல ஏதோ கொஞ்சம் தெரிகிறதாம். அதுவும் கிறிஸ்துமஸ் வரை தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இது அக்டோபர். இப்போது காரை ஓட்டுவதும் நான்தான்.

கல்யாணமான புதிதிலேயே எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் உண்டு. சனி ஞாயிறானால் அவனுக்கு ஒரு சர்ச், எனக்கு ஒரு தோட்டம். இங்கிலாந்தில் எங்கள் சஃபோக் கவுண்டியில் கண்ணை மூடிக்கொண்டு கல்லை விட்டெறிந்தால் ஏதாவதொரு பழைய சர்ச் மேல்தான் விழும், அதனால் அவனுக்குப் பஞ்சமே வந்ததில்லை. அகழி சூழ்ந்த மாளிகைகள், செங்கல் மதிலுக்குள் ரோஜாத் தோட்டங்கள் என்று நானும் ஒரு குறையும் வைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், சர்ச் என்றால் எனக்குக் குளிர், வௌவால் புழுக்கை, ஈரவாடை அடிக்கும் பாட்டுப் புத்தகம், அவ்வளவுதான். அவன் உள்ளே தூணைத் தடவிக்கொண்டிருப்பான். நான் கல்லறைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, டீயும் ஸ்கோன் ரொட்டியும் எப்போது கிடைக்கும் என்று யோசிப்பேன்.

நெவிலுக்குப் பைத்தியம் கூரையில்தான். எங்கள் பக்கத்துப் பழங்காலத் தச்சர்கள், சர்ச் கூரையைத் தாங்கும் உத்தரங்களின் நுனியில் இறக்கை விரித்த தேவதூதர்களைச் செதுக்கி வைத்தார்கள். கவுண்டியில் எங்கெங்கே அந்தக் கூரை இருக்கிறதோ அங்கெல்லாம் போய், கழுத்து சுளுக்க அண்ணாந்து பார்த்தாயிற்று. மெல்ஸ்டன் ஊர் சர்ச் ஒன்றுதான் பாக்கி.

போகாமல் இல்லை. கண் நன்றாக இருந்த காலத்திலேயே மூன்று தடவை போனோம். முகப்பு மண்டபத்தில், குருவி புகாமல் இருக்க வைத்த கம்பிவலையைத் தள்ளிக்கொண்டு நுழைவோம். நெவில் பெரிய கதவின் இரும்பு வளையத்தை இரண்டு விரலால் மெல்லத் திருகிப் பார்ப்பான். "ஓ, பூட்டியிருக்கு," என்பான். பக்கத்திலேயே அழகான கையெழுத்தில் ஓர் அறிவிப்பு, சாவி பழைய தபாலாபீஸ் வீட்டில் என்று. முதல் தடவை அந்த வீட்டிலிருந்து மாட்டிறைச்சி வறுக்கும் வாசனை வந்தது. "ஞாயித்துக்கிழமை சாப்பாட்டு நேரத்துல கதவத் தட்டுறது நல்லாருக்காது," என்று திரும்பிவிட்டான். அடுத்த தடவை ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஓர் அம்மாள் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தாள். நெவில் பூனை மாதிரி நுனிக்காலில் வந்துவிட்டான். மூன்றாம் தடவை வாசலில் வேறொரு கார் நின்றது. "விருந்தாளி வந்திருக்காங்க போல." முடிந்தது கதை.

எங்கள் ஊர்க்காரர்கள் உயிரை விட்டாலும் விடுவார்கள், அடுத்தவரைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள். நெவில் அந்தக் கூட்டத்துக்கே தலைவன். ஒருமுறை ரயிலில் என் காலை ஒருத்தன் மிதித்தான், அவனிடம் மன்னிப்புக் கேட்டது என் புருஷன்!

மெல்ஸ்டனில் காரை நிறுத்தியதும் சர்ச் பக்கமே நான் போகவில்லை. நேரே பழைய தபாலாபீஸ் வீட்டுக்குப் போய்க் கதவை இடித்தேன். நெவில் பின்னால் நின்று, "மெதுவா, மெதுவா," என்றான். "நீ சும்மா இரு," என்றேன்.

தலையில் துண்டு சுற்றிய ஓர் அம்மாள் கதவைத் திறந்தாள். தலைமுடிக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள் போலும், நெற்றியில் ஒரு கோடு வழிந்தது.

"சர்ச் சாவியா? இங்க ஏது சாவி? அதெல்லாம் மிஸ் ஆல்டர்ட்டன் இந்த வீட்ல இருந்த காலத்துல."

"அப்ப அங்க எழுதி ஒட்டியிருக்கே?"

"அவங்க எழுதினதுதான். எவ்ளோ அழகான கையெழுத்து பாத்தீங்களா? எடுத்தா அவங்க மனசு சங்கடப்படுமேன்னு யாரும் எடுக்கல."

"இப்ப அவங்க எங்க இருக்காங்க?"

"சர்ச்சுக்குப் பின்னாடிதாங்க. அடக்கம் பண்ணி ரொம்ப வருஷமாச்சு."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அந்த அம்மாள்தான் எதிர்வீட்டு காலின் தர்லோவைக் கேட்கச் சொன்னாள். அவர்தான் சர்ச் நிர்வாகி. வேலிக்கு அந்தப் பக்கம் டேலியாச் செடிகளுக்கு நடுவில் குனிந்திருந்தார். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கருஞ்சிவப்புப் பூக்கள். வேறொரு நாளாக இருந்தால் அந்த வேலியை விட்டு என்னை நகர்த்தியிருக்க முடியாது.

"பூட்டா?" என்று நிமிர்ந்தார் காலின். "நாங்க பூட்டுறதே இல்லையே."

"இல்லீங்க, பூட்டியிருந்துச்சு," என்றான் நெவில். "நாங்க முன்னாடி மூணு தடவ வந்திருக்கோம்."

"ஈரத்துல கதவு அடியில பிடிச்சுக்கும். தோளக் குடுத்து ஒரு தள்ளு தள்ளணும், அவ்ளோதான்." காலின் கத்தரிக்கோலைத் துடைத்தார். "நானும் பாப்பேன். தூரத்துலேர்ந்தெல்லாம் வர்றாங்க, கதவு வரைக்கும் போறாங்க, திரும்பிப் போயிடறாங்க. ஏன்னு கேக்கலாம்னு தோணும். ஆனா அது அவங்கவங்க சொந்த விஷயம், நாம தலையிடக் கூடாது பாருங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த டேலியா எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கி எறிந்திருப்பேன். வேலிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாராம்! வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் நெவில் பருந்துக் கண்ணோடு அந்தக் கூரையைப் பார்த்திருப்பான். திரும்பி அவனைப் பார்த்தேன். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"நாம தள்ளிப் பாக்கவே இல்ல, பெரில்," என்றான் மெல்ல.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். என் வீட்டில் அது பழமொழி இல்லை.

"இன்னும் முழுசாப் போகல. வா," என்று கையைப் பிடித்து இழுத்தேன். காலினும் பின்னாலேயே வந்தார். வளையத்தைத் திருகி, கதவில் தோளைக் கொடுத்து, இத்தனை வருஷக் கோபத்தையும் சேர்த்து ஒரு தள்ளு தள்ளினேன். கதவு ஒரு முனகல் முனகித் திறந்துகொண்டது.

சர்ச் என்றாலே கொட்டாவி விடும் நானே நின்றுவிட்டேன். தலைக்கு மேல் தேவதூதர்கள் இரண்டு வரிசையாகப் பறந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தன் கையில் வீணை மாதிரி ஏதோ, ஒருத்தன் கையில் கிரீடம். மேல் ஜன்னல் வெயில் அவர்கள் இறக்கையில் விழுந்து மரமெல்லாம் தேன் நிறமாக இருந்தது.

நெவில் தொப்பியைக் கழற்றிவிட்டு நடுவில் போய் நின்றான். அண்ணாந்தான். வெகு நேரம் பார்த்தான்.

"அருமை," என்றான். "ரொம்ப அருமை."

காலினுக்கு ஒரே சந்தோஷம். "எல்லாரும் அதத்தான் சொல்லுவாங்க," என்றார்.

அவன் பார்வை போன திசையில் நானும் பார்த்தேன். நெவில் பார்த்துக்கொண்டிருந்தது பீடத்துக்கு மேலே. அங்கே தேவதூதன் ஒருத்தனும் இல்லை, வெறும் சுண்ணாம்புச் சுவர். ஆறிப்போன டீயைக் கொடுத்தாலும் "ரொம்ப அருமை" என்கிற ஆள் அவன். இப்போதும் காலின் மனம் நோகக் கூடாதென்று சொல்கிறான். பாழாய்ப் போன மரியாதை!

"பொய் சொல்றான்," என்றேன் சத்தமாக. அந்தக் கல் மண்டபம் முழுக்கக் கேட்டது. "அவனுக்கு ஒண்ணும் தெரியல. கண்ணு போச்சு. உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்றான்."

"பெரில்!" நெவிலின் காது சிவந்துவிட்டது.

"என்ன பெரில்? மூணு தடவ மரியாதை பாத்துத் திரும்பினோம், கிடைச்சதா? காலின், எனக்கு ஏணி வேணும். இல்லேன்னா சாரம். ஏதாவது ஒண்ணு. இவன் அதுல ஒண்ணையாவது பாக்கணும்."

"இந்த வயசுல ஏணியா?" காலின் கழுத்தைச் சொறிந்தார். தரையைப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கி, "ஒண்ணு கீழதான் இருக்கு. போன வருஷப் புயல்ல விழுந்துருச்சு. பாதிரியார் அறையில போர்வையில சுத்தி வச்சிருக்கோம். ஆனா பாருங்க, மேலிடத்துலேர்ந்து ஆள் வந்து பாக்கற வரைக்கும் யாரும் தொடக்கூடாதுன்னு உத்தரவு..."

"அப்ப நீங்க தொடாதீங்க. நாங்க தொட்டுக்கறோம்."

"இல்லம்மா, விதிமுறைன்னு..."

"காலின், கதவத் திறந்து விட்டுட்டுச் சுவரப் பாத்து நில்லுங்க. தொடறத நீங்க பாக்கவே இல்ல. இத்தன வருஷமா வேலிக்குப் பின்னால நின்னு பாத்துட்டே இருந்தீங்களே, இன்னைக்கு ஒரு நாள் பாக்காம இருங்க."

மனுஷன் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அந்த அறையின் சின்னக் கதவைத் திறந்தார். அதோடு நிற்கவில்லை, போர்வையோடு அவரே தூக்கிக்கொண்டு வந்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்த நெவில் மடியில் வைத்துவிட்டு, நிஜமாகவே போய்ச் சுவரைப் பார்த்து நின்றார்.

மூன்று வயதுப் பிள்ளை அளவு இருந்தது. ஓர் இறக்கை பாதியில் முறிந்திருந்தது. நெவில் முதலில் கையை வைக்கவே தயங்கினான். நான்தான் அவன் விரல்களைப் பிடித்து அந்த முகத்தில் வைத்தேன்.

அதற்கப்புறம் நான் அங்கே தேவைப்படவில்லை. நெற்றி, இமை, கன்னம் என்று அவன் விரல் ஒவ்வொன்றாக நகர்ந்தது. முதுகைத் தடவி, "இங்க தச்சன் வாய்ச்சியால வெட்டினதோட சரி, இழைக்கவே இல்ல," என்றான். பிறகு முன்பக்கம் வந்து வாயில் விரலை விட்டவன் அப்படியே கையை நிறுத்திவிட்டான்.

"பல்லு இருக்கு, பெரில்."

"என்னது?"

"பாட்டுப் பாடறான். வாயத் திறந்திருக்கான். உள்ள பல்லு, நாக்கு எல்லாம் அந்தத் தச்சன் செதுக்கியிருக்கான். அவ்ளோ ஒசரத்துல யாருக்குத் தெரியும்? எவன் பாக்கப் போறான்?" அவன் குரல் உடைந்தது. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் அவன் கையை எடுக்கவில்லை.

மேல் ஜன்னலில் வெயில் போய்விட்டது. காலின் சுவரைப் பார்த்தபடியே தொண்டையைச் செருமினார். எங்கள் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். "உங்களுக்கு வழியில இருட்டிரப் போகுது," என்றார் பணிவாக. "நல்லபடியாப் பாத்துட்டீங்கன்னா..."

நான் கைப்பையை எடுத்துக்கொண்டேன். வழக்கம்போல நெவில் பதறி எழுந்து, மன்னிப்பும் நன்றியும் மாறி மாறிச் சொல்வான் என்றுதான் நினைத்தேன்.

"இல்ல," என்றான் நெவில்.

காலின் திரும்பிப் பார்த்தார்.

"இன்னும் பாக்கல. உங்களுக்கு வேலை இருந்தா நீங்க போங்க. நான் பாத்து முடிக்கற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்."

அவன் யாரிடமும் "இல்ல" என்று சொல்லி நான் கேட்டதே கிடையாது. என்னிடம்கூடச் சொன்னதில்லை. காலின் போய் எல்லா விளக்கையும் போட்டுவிட்டு வந்து, எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார். நானும் பையைக் கீழே வைத்தேன். நெவில் முறிந்த இறக்கையின் முதல் இறகுக்குப் போய், மறுபடி அங்கிருந்து ஆரம்பித்தான்.