பயறளவு அண்ணன்

1

இந்தக் கதை வந்தது ஒரு மார்க்கர் பேனாவால். வேறு பெரிய காரணம் கிடையாது. ஆறாம் வகுப்போடு நின்றவன் எழுதுவது. பிடிக்காதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

கிழவருக்குக் கணபதி என்று பேர் வைத்திருக்கிறேன். உண்மைப் பேரைப் போட்டால் மகள் சண்டைக்கு வருவாள்.* ஆட்டக்காரருக்குப் பேரே வேண்டாம். உயிரோடு இருக்கிறார், லோயர் வைத்து வழக்குப் போடுவார்.

(* அவளுக்கு நிரோஷா என்று வைத்தேன். அதற்கும் வருவாள்.)

2

முதல் தொடக்கம்: கண்டி மலைமேல் பனி இறங்கிக்கொண்டிருந்த அந்த—

பொய். மண்டையைப் பிளக்கிற வெயில்.

இரண்டாவது: கணபதியின் சட்டைப்பையில் நாற்பது வருஷத்துக்கு மேலாக ஒரு கிரிக்கெட் அட்டை. டொபி மிட்டாய்ப் பெட்டிக்குள் வந்தது. இடக்கைப் பந்துவீச்சாளர், காலர் தூக்கியிருக்கிறது, மணிக்கட்டு மடங்கியிருக்கிறது, பந்து விரலை விட்டுப் போகப் போகிறது. அப்படியொரு கை இனி வராது என்பார் கணபதி. நானும் அதையேதான் சொல்வேன்.

அவ்வளவுதான் என்றால் கதை இல்லை. அந்தத் தோளுக்குப் பின்னால் ஸ்கோர் பலகை. தகர நம்பரை அதில் மாட்டியபடி பயறளவில் ஒரு ஆள். கணபதியின் அண்ணன் யோகராஜ். எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. படங்களெல்லாம் வீட்டோடு எரிந்தன. அண்ணனில் மிச்சம் இந்தப் பயறுதான்.

3

கணபதி காகிதத்தை நம்பமாட்டார். பிறப்புப் பத்திரம், மனைவி மூக்காயியின் மரணப் பத்திரம், எல்லாம் லெமினேட். அட்டையையும் லெமினேட் போட எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"அப்பா, அதுக்கு மட்டும் பிளாஸ்டிக் போட்டுறாதீங்க. பழைய அட்டை கெட்டுப்போயிரும். அட்டை சேர்க்கிறவங்க தொடவே மாட்டாங்க."

"யாருடி அது? ஒன் போனுக்குள்ள இருக்கிறவனா?"

"ஆமா. அவங்களுக்குத் தெரியும். உங்களுக்குக் கரண்ட் பில்லையும் லெமினேட் பண்ணத்தான் தெரியும்."

வாழ்நாளில் ஒரே ஒரு தடவை கணபதி அடுத்தவர் பேச்சைக் கேட்டார்.

(இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் சந்தேகம். மகளுக்காகக் கேட்டாரா, மதிப்புக் கூடும் என்ற ஆசையிலா? கேட்டால் முறைப்பார்.)

4

போன மாசம் அந்த ஆட்டக்காரர் கண்டி டவுனில் ஒரு கடை திறக்க வந்தார். கணபதி கலகெதரயிலிருந்து பஸ் ஏறிப் போய், வரிசையில் நின்று, அட்டையை நீட்டினார்.

"சேர், பின்னால பலகையில நிக்கிறவரு எங்க அண்ணன், யோகராஜ். நீங்க விக்கெட் எடுத்தா ஏணியிலயே ஆடுவாரு. ஞாபகம் இருக்கா?"

"ஆ, ஞாபகம், ஞாபகம்" என்றார், அடுத்த ஆளைப் பார்த்துக்கொண்டே.

தடித்த கறுப்பு மார்க்கர். கையெழுத்து தோளில் தொடங்கி, பலகையில் ஏறி, யோகராஜ் மேல் ஒரு சுழி போட்டு முடிந்தது.

"தேங்க்யூ சேர்" என்றார் கணபதி. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

5

முடிவு ஒன்று: பிளாஸ்டிக் போட்டிருந்தால் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்திருக்கலாம். போடவில்லை. மை அட்டைக்குள் இறங்கிவிட்டது.

இன்னொன்று: ஆட்டக்காரர் கதிரையை விட்டு எழுந்து, கண் கலங்கி— மாட்டேன். அதை எழுதினால் நானும் ஒரு "ஞாபகம், ஞாபகம்"தான்.

நடந்தது: "கையெழுத்து விழுந்ததால மதிப்புக் கூடிருச்சுப்பா" என்றாள் நிரோஷா. கணபதி அவளைப் பார்த்து— இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

6

அட்டையை வெயிலில் சாய்த்துப் பிடித்தால் சுழிக்குள்ளே ஒரு வெள்ளைப் புள்ளி தெரிகிறது. அண்ணனின் சட்டை என்பார் கணபதி ஒரு நாள். தகர நம்பர் என்பார் மறுநாள். எனக்குக் கண்ணில் புரை. உங்களுக்குக் கண் நன்றாகத் தெரியும் என்றால் வந்து பார்த்துச் சொல்லுங்கள்.

பேனாவை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.