மணி ஒலித்த பிறகு

என் அப்பா பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். கடைசி ஆள் படியில் ஒரு காலை வைத்ததும் மணியடித்துவிடுவார். இன்னொரு காலை அந்த ஆள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்பேர்ப்பட்டவர் என்னை அவசரக்குடுக்கை என்று திட்டியே வளர்த்தார். திட்டியது பலித்தது. சரக்கு வேனை விரட்டி ஓட்டிப் போய் ஒரு மனிதர் மேல் மோதிக் கொன்றுவிட்டு உள்ளே வந்தேன். தீர்ப்பு நாளில் அப்பா என் முகத்தைப் பார்க்காமலே எழுந்து போனார்.

இங்கே சனிக்கிழமைதோறும் ஒரு போன், ஆறு நிமிடம். எண்ணைத் தட்டியதும் இயந்திரம் நம் பெயரைச் சொல்லச் சொல்லி மூன்று நொடி தரும். எதிர்முனையில் எடுப்பவரிடம், இது சிறையிலிருந்து வரும் அழைப்பு என்று அறிவித்து, நாம் பேசியதைப் போட்டுக் காட்டும். பேச விருப்பமிருந்தால், மணி ஒலித்த பிறகு ஒன்றை அமுக்க வேண்டும்.

நான் பெயர் சொல்வதில்லை. அவர் வைத்த பெயரை அவரிடமே என்ன சொல்வது? "அப்பா, நான்தான்" என்பேன். அப்பா எடுப்பார். என் குரல் ஓடும். உடனே அழைப்பு அறுந்துவிடும். நான்கு சனிக்கிழமையும் இதே கூத்துதான். குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறார், மனிதருக்குக் கல்நெஞ்சு என்று நினைத்தேன்.

எனக்கு முன்னால் நின்றவன் மனைவியிடம் சமையலறைக் குழாய் ஒழுகுவதைப் பற்றியே ஆறு நிமிடமும் பேசினான். எனக்கு வயிறு எரிந்தது. அப்பா என்னை மன்னிக்கக்கூட வேண்டாம். பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமுவாரே, அதை ஒரு தடவை கேட்டால் போதும் என்றிருந்தது.

ஐந்தாவது வாரமும் அறுந்தது. ஐந்து முறை ஏற்காத எண்ணைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். போன் அறை வார்டர் தாளை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார். பேனாவை வாங்கிவிட்டேன். அவரோ தாளைத் திரும்ப இழுத்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதிலிருந்த அழைப்பு விவரங்களைப் படித்தார்.

"உங்கப்பா வைக்கலைய்யா. மணி அடிக்கறதுக்கு முன்னாடியே ஒன்னு ஒன்னுன்னு பதினோரு தடவை அமுக்கியிருக்காரு. மெஷின் தப்பு நம்பர்னு கட் பண்ணிடுச்சு."

மற்ற நான்கு வாரங்களையும் பார்க்கச் சொன்னேன். ஒன்பது. பதினான்கு. ஏழு. பதினொன்று. என் குரல் கேட்ட நொடியிலிருந்து அமுக்கியிருக்கிறார் மனிதர். சுவரோரம் உட்கார்ந்து அழுதேன். வார்டர் தாளை மடித்து மேசைக்குள் போட்டுவிட்டு, இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்றார்.

அந்த வாரம் முழுக்க மூன்று நொடிக்குள் சொல்லிப் பழகினேன். அறையில் கூட இருந்தவர் விரல் விட்டு எண்ணினார். சனிக்கிழமை எண்ணைத் தட்டிச் சொன்னேன்: "அப்பா, மணி அடிச்சப்புறம் அமுக்குங்க."

எடுத்தார். என் குரல் ஓடியது. மணி ஒலித்தது. அதன்பின் சத்தமே இல்லை. போய்விட்டார் என்றே நினைத்தேன். அப்போது அந்தச் செருமல் கேட்டது.

"அன்னிக்கு கோர்ட்ல உன்னைப் பாக்காம போயிட்டேன்ல," என்றார். "அந்தக் கோவத்துல, நான் எடுத்ததும் நீதான் வச்சிடறியோன்னு நெனச்சேன்."

ரிசீவரை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"லைன்ல இருக்கியா?"

"இருக்கேம்பா."

"அழு. மெதுவா பேசலாம். நான் இருக்கேன்."

யாருக்காகவும் ஒரு நொடி காத்திராத மனிதர் காத்திருந்தார். அவர் மூச்சு விடுவது கேட்டுக்கொண்டே இருந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டார், சாப்பிட்டேன் என்றேன். ஆறு நிமிடம் முடிந்ததும் அழைப்பு அறுந்தது. இந்த முறை வைத்தது யார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.