பொறந்த வூட்டுக் கோடி

மூன்றாவது குடத்தில் மஞ்சளைக் கரைத்துக்கொண்டிருந்தபோது தேவிப்பிரியாவின் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. புது நம்பர். ஈரக்கையோடு எடுத்தாள்.

"சவரிமுத்து பேசறேன். உங்கம்மாவோட அண்ணன். பஸ் ஸ்டாப்புல நிக்கறேன். மேரி வூடு எதுன்னு கேட்டா இங்க ஒருத்தருக்கும் தெரியலையே."

"மாரி வூடுன்னு கேளுங்க மாமா."

"மாரியா?"

"ஆமாங்க. தக்காளி மாதேஸ்வரன் சம்சாரம் மாரி. அப்படிக் கேட்டாத்தான் தெரியும்."

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே ஆரோக்கியமேரி மாரியாகிவிட்டாள். யாரும் வேண்டுமென்று மாற்றவில்லை. அடுத்த வீட்டுக்காரிக்கு மேரி வாயில் நுழையவில்லை, அவ்வளவுதான். ரேஷன் கார்டு எழுத வந்தவர் காதில் விழுந்ததை எழுதிக்கொண்டு போனார். ஆதாரில் மட்டும் பள்ளிச் சான்றிதழைப் பார்த்து ஆரோக்கியமேரி என்று போட்டார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு கார்டையும் நீட்டும்போதெல்லாம், "ரெண்டும் ஒரே ஆளா?" என்று கேட்டார்கள். பதினொரு நாள், ஒவ்வொரு ஜன்னலிலும், "ஒரே ஆளுதாங்க" என்று சொல்லிச் சொல்லி தேவிப்பிரியாவுக்கு நாக்கே தடித்துப்போயிருந்தது.

காலை ஏழு மணிக்கு அம்மா போனாள். இப்போது மணி மூன்று. குழி வெட்டியாயிற்று, பாடை கட்டியாயிற்று. வராதது பொறந்த வூட்டுக் கோடிதான். புருஷனுக்கு முன்னால் போகிறவளுக்கு அண்ணன் தம்பி கொண்டுவரும் புதுச்சேலையைப் போர்த்தாமல் இந்த ஊரில் தூக்க மாட்டார்கள். வேறு சாமி கும்பிடுகிறவனைக் கட்டிக்கொண்டாள் என்று முப்பத்திரண்டு வருஷமாக வாசலை மிதிக்காத அண்ணனை, அம்மாவின் சொந்த ஊரான கடத்தூரில் யார் யாரையோ பிடித்து வரவழைத்தது தேவிப்பிரியாதான். ஒவ்வொரு பொங்கலுக்கும், "பொறந்த வூட்டுச் சீர் வரலையா மாரி?" என்று தெருவில் யாராவது சீண்டுவார்கள். அம்மா சிரித்துக்கொண்டே, "பஸ்ஸு லேட்டு" என்பாள்.

"வந்துட்டாரா?" என்றாள் அத்தை காசியம்மாள், அப்பாவின் அக்கா.

"பஸ் ஸ்டாப்புல இருக்காருங்க அத்தை."

"அந்த பஸ்ஸு வந்து சேர்றதுக்கு இவ சாக வேண்டியிருந்துச்சு பாரு."

சவரிமுத்து ஒல்லியாக இருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஜவுளிக்கடைப் பை. பெண்கள் விலகி வழி விட்டார்கள். தங்கையின் கால்மாட்டில் நின்று சிலுவை போட்டுக்கொண்டார். முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு பையிலிருந்து சேலையை எடுத்துப் பிரித்தார்.

வெள்ளை. பொட்டு நிறம் இல்லாத வெள்ளை.

மேளக்காரர்கூடக் கையை நிறுத்திவிட்டார்.

"புருசன் கல்லாட்டம் உக்காந்திருக்கறான், வெள்ளைச் சீலையா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"இத்தன வருசக் கோவத்தைக் காட்ட வந்திருக்கறாரு," என்றது இன்னொன்று.

சவரிமுத்துவுக்குப் புரியவில்லை. "எங்கள்ல இதாங்க வழக்கம். எங்கம்மாளுக்கும் வெள்ளைதான் போத்தினோம். நல்ல சேலைதாங்க, கதருங்க."

காசியம்மாள் தேவிப்பிரியாவின் காதருகே குனிந்தாள். "இதக் கட்டினா உங்கப்பன் இருக்கும்போதே அவள முண்டச்சியாக்கினதாப் பேசுவாங்க. எம் பெட்டியில செவப்புச் சீலை ஒண்ணு புதுசா இருக்குது. அவரு கையில குடுத்து வாங்கிக்கலாம். யாரு கேக்கப் போறா?"

அது சவரிமுத்துவின் காதிலும் விழுந்தது. சேலையைப் பழைய மடிப்பிலேயே மடிக்கத் தொடங்கினார். மடிப்பு சேரவில்லை. "பரவால்ல பாப்பா. தெரியாமப் பண்ணிட்டேன். நான் கெளம்பறேன்."

தேவிப்பிரியா அப்பாவைப் பார்த்தாள். மாதேஸ்வரன் பிளாஸ்டிக் நாற்காலியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். நிமிரவில்லை. அவளுக்கு நியாயம் பேசத் தெம்பில்லை. அழவும் தெம்பில்லை. எழுந்துபோய் மாமாவின் கையிலிருந்த சேலையை வாங்கிக்கொண்டாள்.

"அத்தை, அந்தச் செவப்பையும் எடுத்தாங்க. குளிப்பாட்டிடலாம்."

நான்கு பெண்கள் பழைய சேலைகளை மறைப்பாகப் பிடித்தார்கள். மஞ்சள் தண்ணீர் ஊற்றித் துடைத்தபிறகு தேவிப்பிரியா முதலில் வெள்ளையை எடுத்து அம்மாவின் உடம்பில் சுற்றினாள். காசியம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்.

"இறுக்கிக் கட்டுடி," என்றாள். "நழுவுது."

அதன்மேல் சிவப்பைக் கட்டினார்கள். பூ வைத்தார்கள். நெற்றியில் காசியம்மாளே குங்குமம் வைத்தாள். மறைப்பு விலகியதும் தெரு முழுவதும் எட்டிப் பார்த்தது. மாரி செவசெவ என்றிருந்தாள்.

பாடையில் கிடத்தியபோதுதான் கணுக்காலருகே இரண்டு விரற்கடை வெள்ளை வெளியே தெரிந்தது. தேவிப்பிரியா தலைமாட்டில் இருந்தாள், கை எட்டாது. வாய்க்கரிசி போட வந்த ஒருத்தி குனிந்து உற்றுப் பார்த்தாள்.

சவரிமுத்து அவளை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தார். காலைத் தொட்டுக் கும்பிடுகிறவர்போலக் குனிந்து, தன் சேலையின் விளிம்பைச் சிவப்புக்குள் தள்ளிவிட்டார். ஒரு முறை தள்ளியது போதவில்லை. இன்னொரு முறை தள்ளினார்.

"தூக்குங்கப்பா," என்றார் மாதேஸ்வரன்.

ஆண்கள் திரும்பி வந்தபோது வீடு கழுவி ஈரமாக இருந்தது. சவரிமுத்து வாசலில் தயங்கி நின்றார். சட்டைப்பையின் மேல், சேலையைத் தள்ளிய நான்கு விரல்களின் மஞ்சள் பதிந்திருந்தது.

"சட்டையில மஞ்சளுங்க மாமா. தண்ணி தரட்டுமா?"

அவர் குனிந்து பார்த்தார். துடைக்கவில்லை.

"நேரமாச்சு பாப்பா. பஸ்ஸு வந்துரும்."

"இந்தப் பக்கம் பஸ்ஸு எப்பவும் லேட்டுதாங்க," என்று ஒரு நாற்காலியை இழுத்து அப்பாவின் பக்கத்தில் போட்டாள்.

சவரிமுத்து நாற்காலியைப் பார்த்தார். மாதேஸ்வரன் தன் நாற்காலியை நகர்த்திக் கொஞ்சம் இடம் விட்டார்.