தண்டுக்கலம்

2005ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் ஒரு ஞாயிறு. பூசை முடிந்ததும் மாக்கிறேற் ரீச்சர் கோயில் வாசலில் நின்று, கையெழுத்துச் சேர்த்து மேலிடத்துக்கு அனுப்ப ஒரு மனுவை வாசித்தார்: "முளையத் தண்டுக்கல ஆராய்ச்சியைத் தடைசெய்யக் கோருகிறோம்."

ரீச்சருக்குத் தண்டுக்கலம் விஞ்ஞானப் புத்தகச் சொல், ஆங்கிலத்தில் ஸ்ரெம் செல். எங்கள் ஊர்காவற்றுறையிலோ தண்டு என்றால் வள்ளம் வலிக்கிற துடுப்பு. கலம் என்றால் கடலில் போவது.

"சண்டைக்குள்ள நேவிக்காரங்கள் எஞ்சினை மறிச்சாங்கள். இப்ப வலிக்கிற வள்ளத்தைக் கோயில் மறிக்குதோ?" என்று கத்தினார் பஸ்ரியாம்பிள்ளை. "யேசுவே இராயப்பற்ற வள்ளத்திலதான் போனவர். அதுக்கு எஞ்சின் இருந்ததோ?"

நடுக்கவாதம் வந்து இரண்டு வருடமாக அவர் கடலுக்குப் போகவில்லை. ஆனாலும் ஒருவரையும் கையெழுத்து வைக்க விடாமல் மறித்துக்கொண்டு நின்றார்.

பங்குச் சுவாமி சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தார்.

"அண்ணை, இது வள்ளமில்லை. முளையம் எண்டா கரு. பிள்ளையில்லாதவைக்கு வெளிநாட்டில கண்ணாடிக்குள்ள கரு உண்டாக்கினம். மிஞ்சினதை ஐஸில வைக்கினம். அதைக் கலைச்சுத்தான் இந்தக் கலத்தை எடுக்கினம். நடுக்கவாதத்தையும் ஒருநாள் மாத்தலாமெண்டு நம்புகினம்."

சனம் பஸ்ரியாம்பிள்ளையின் கையைப் பார்த்தது. அவர் அதை மற்றக் கையால் பிடித்தார். அதுவும் நடுங்கியது.

"இஞ்சை மீனுக்கே ஐஸ் இல்லை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. "எடுக்காட்டி அந்தக் கருவை என்ன செய்வினம், சுவாமி?"

"கனக்கக் கொட்டுப்படும்."

"அப்ப எனக்குத் தந்தால் என்ன?"

அவர் மனைவி றோஸ் மெல்லச் சொன்னா: "எங்கட முதல் கரு மூண்டு மாசத்தில கலைஞ்சது. அதுக்கும் அந்தோனி எண்டு பேர் வைச்சு அழுதது ஆர்?"

பஸ்ரியாம்பிள்ளை மனுத் தாளை எட்டிப் பார்த்தார்.

"கையெழுத்து வைக்கவும் மனமில்லை, வைக்காமல் போகவும் மனமில்லை. அதுக்கொரு கட்டம் இருக்கோ ரீச்சர்?"

"இல்லை, அண்ணை."

சுவாமி பேனாவை வாங்கித் தாளின் ஓரத்தில் எழுதினார்: 'பஸ்ரியாம்பிள்ளை இன்னும் செபிக்கிறார்.'

"செபிக்கிறனோ? கடவுளை ஏசுறன், சுவாமி."

"ரெண்டையும் அவர்தானே கேக்கிறவர்."

அதன்கீழ் பஸ்ரியாம்பிள்ளை கையெழுத்து வைத்தார். பேனா துள்ளி, முதலே எழுதியிருந்த ரீச்சரின் பெயரையும் சுவாமியின் பெயரையும் கிழித்துக்கொண்டு மறுகரைக்குப் போனது.

"ஐயோ, இனி இதை அனுப்ப ஏலாது. புதுசா எழுதுவம்" என்றார் ரீச்சர்.

சுவாமி தாளை மடித்து உறைக்குள் வைத்தார்.

"இப்பிடியே போகட்டும் ரீச்சர். இவற்ற கையையும் அங்கை வாசிக்கிறவை காணட்டும்."