சாலட்டின் அடியில் தேங்கிய சாறு

1

இந்தக் கதை எனக்கு ஒரு கண்ணாடிக் கிண்ணத்தின் அடியில் கிடைத்தது. கிண்ணத்தில் உருளைக்கிழங்கு சாலட். வில்லைகளுக்குக் கீழே இரண்டு கரண்டி சாறு தனியாக நின்றது. அது அப்படி நிற்கக் கூடாது. வியன்னாவில் இந்த சாலட்டுக்கு ஒரு லட்சணம் உண்டு: கிழங்கு சாற்றைக் குடித்திருக்க வேண்டும், ஓரங்கள் லேசாகக் கரைந்திருக்க வேண்டும், கரண்டியிலிருந்து வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். தெக்லா பிரிபில் செய்வதில் மட்டும் கிழங்கு வறண்டும் சாறு தேங்கியும், ஒரே வீட்டில் பேசாமல் இருக்கும் இரண்டு பேரைப் போல இருந்தன.

வியன்னாவின் ஹெர்னால்ஸ் பகுதியில் பதினோரு மேசை உள்ள சாப்பாட்டுக்கடை தெக்லாவுடையது. சாறு ஏன் தேங்குகிறது என்று இரண்டு வருடமாக அவளுக்குப் புரியவில்லை. அதற்கு முன் பத்தொன்பது வருடம் அங்கே சாலட் செய்தவள் ரோஸ்விதா. அவள் போன பிப்ரவரியில் இறந்துவிட்டாள்.

(முதல் பகுதியிலேயே சாவைச் சொல்லலாமா என்று யோசித்தேன். ஒளித்து வைத்து நடுவில் எடுத்துக் காட்டும் தந்திரத்துக்கு இந்தக் கதையில் எனக்கு அருகதை இல்லை. ஏன் என்பது ஐந்தாம் பகுதியில் வரும்.)

2

நான் கைவிட்ட தொடக்கங்கள்:

"தெக்லா அடுப்பின் முன் நின்றபோது வெளியே பனி…" இல்லை. அன்று பனி பெய்யவில்லை, மழைதான்.

"நட்பு என்பது…" இதை எழுதிய பேனாவையே மூடி வைத்தேன்.

"தெக்லா கர்வம் பிடித்தவள்." இது நியாயம் இல்லை. அவளுக்குத் தன் வேலை தெரியும், அவ்வளவுதான். ஷ்னிட்சல் பொரிக்கும்போது அவளைப் பார்க்க வேண்டும். தட்டி மெலிதாக்கிய கன்றுக்கறிக்கு மாவு, முட்டை, ரொட்டித்தூள் போர்த்துவாள். தூளை அழுத்தவே மாட்டாள். நிறைய நெய்யில் போட்டு வாணலியைச் சுழற்றிக்கொண்டே இருப்பாள். சூடான நெய் மேலேயும் ஓடும். கறியிலிருந்து கிளம்பும் ஆவி போர்வையைத் தூக்கும், அது அலை அலையாக எழும்பும். ஏன் எழும்புகிறது என்று கேட்டால் அவளால் சொல்ல முடியும். ஒவ்வொன்றும் ஏன் நடக்கிறது என்று தெரிந்த ஒருத்திக்கு ஒன்று மட்டும் தெரியாமல் போனது.

3

சண்டை ஒரு சனிக்கிழமை மத்தியானம். ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர் வெசெலி தன் வழக்கமான மேசையிலிருந்து, எல்லோருக்கும் கேட்கும்படி தெக்லாவைச் சீண்டினார்.

"நாங்க வர்றது சாலட்டுக்குத்தான் தெக்லாம்மா. உங்க கறி அதுக்குத் தொட்டுக்க."

கடை சிரித்தது. ரோஸ்விதாவும் சிரித்தாள். தெக்லாவின் கையில் சூடான வாணலி.

"கெழங்கை வேகவெச்சு அறுத்துப் போடுறதெல்லாம் ஒரு சமையலா?" என்றாள் தெக்லா. "எவ வேணா செய்வா."

ரோஸ்விதா ஏப்ரனைக் கழற்றி நாலாக மடித்து மேடையில் வைத்தாள். "அப்ப நாளையிலேர்ந்து எவளையாவது வெச்சு செஞ்சுக்கோ."

மறுநாள் அவள் தன் சமையலறைச் செருப்பை எடுக்க வந்தாள். பத்தொன்பது வருடமும் இருவருக்கும் வாடி போடிதான். அன்று தெக்லா அடுப்பைப் பார்த்தபடி, "உங்க செருப்பு கதவுகிட்ட இருக்குங்க," என்றாள்.

[ரோஸ்விதாவின் முகத்தில் ஒரு… இல்லை. நான் பரிமாறும் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது.]

4

பிறகு தெக்லா சோதனைகளில் இறங்கினாள். கிழங்கை மாற்றினாள், மாவுக் கிழங்கு கூழானது, கெட்டிக் கிழங்குக்குத் திரும்பினாள். வினிகரை மாற்றினாள். கிழங்கில் ஊற்றும் கறிச்சாற்றைக் குறைத்தாள், தேங்குவது குறைந்தது, ஆனால் சாலட் தொண்டையில் அடைத்தது. கடுகு விழுதைக் கூட்டினாள், அது காரமாயிற்று. ஒரு வாரம் ஒரு பொருளை மட்டும் மாற்றி, மற்றதையெல்லாம் அப்படியே வைத்துப் பார்த்தாள். முறையான ஆராய்ச்சி. பொருள்களில் கோளாறே இல்லை என்பதுதான் அவள் கண்டுபிடித்தது.

வெசெலி விடவில்லை. "என்ன தெக்லாம்மா, கெழங்கெல்லாம் நீச்சல் கத்துக்குதா?" என்பார். கிண்ணத்தைச் சாய்த்துக் காட்டுவார். தெக்லாவும் பதிலுக்கு அவர் ஓட்டிய டிராம் எந்த நாளில் நேரத்துக்கு வந்தது என்று கேட்பாள். ஆனால் கிண்ணத்தைத் திரும்ப எடுத்துப் போகும்போது அடியைப் பார்த்துக்கொண்டே போவாள்.*

* ரோஸ்விதாவின் வீடு கடையிலிருந்து இரண்டே டிராம் நிறுத்தம். போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் போய்க் கேட்பது என்றால், எவ வேணா செய்வா என்ற சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்வது. இதை விளக்க நான் ஒரு பக்கம் எழுதி அடித்துவிட்டேன். உங்களுக்கே தெரியும்.

5

எனக்கு விடை தெரியும். முன்பே தெரியும்.

பரிமாறும் ஜன்னல் ஓர மேசையில் வருடக்கணக்காக உட்கார்ந்து, எது எப்படி நடக்கிறது என்று கேட்டுக்கொண்டே சாப்பிடுகிறவன் நான். ரோஸ்விதா சாலட் செய்வதை நூறு முறை பார்த்திருக்கிறேன். காரணமும் கேட்டேன், அவளும் சொன்னாள். மறைக்க அதில் ஒன்றுமே இருக்கவில்லை. தெக்லா கேட்டதில்லை, அவள் வேலை அடுப்புப் பக்கம், சாலட் ரோஸ்விதாவின் பக்கம். ஒருவர் பக்கத்தை மற்றவர் எட்டிப் பார்க்காததுதான் அந்தச் சமையலறையின் மரியாதை.

சண்டைக்கு ஒரு வருடம் கழித்து ரோஸ்விதாவைக் காய்கறிச் சந்தையில் பார்த்தேன். கடையில் சாலட் இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். தண்ணீராக நிற்கிறது என்றேன். சிரித்தாள். அப்புறம் கிழங்கு ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வந்து கேக்கட்டும்," என்றாள். "கேட்டா சொல்லமாட்டேனா? அவதானே."

இதை நான் தெக்லாவிடம் சொல்லவில்லை. விடையையும் சொல்லவில்லை. விடை கிடைத்துவிட்டால் அவள் அந்த இரண்டு நிறுத்தம் போக வேண்டிய தேவையே இருக்காது என்று கணக்குப் போட்டேன். புதிர் அவளை இழுத்துக்கொண்டு போய் அந்த வாசலில் நிறுத்தும் என்று நம்பினேன். நல்ல எண்ணம்தான். கூடவே இன்னொரு எண்ணமும் இருந்தது: அப்படி நடந்தால் அது ஒரு நல்ல கதை. கதைக்காகக் காத்திருந்தேன். ரோஸ்விதாவின் இதயம் காத்திருக்கவில்லை.

6

இப்போது முடிவுகள்.

முதலாவது: ஜனவரியில் தெக்லா டிராம் ஏறினாள். (ஏறவில்லை.)

இரண்டாவது இது. அடக்கம் முடிந்து வந்தவர்கள் சாப்பிடுவது இங்கே வழக்கம். ரோஸ்விதாவின் மகன் இக்னாஸ் தெக்லாவிடம் வந்தான்.

"சாப்பாடு இங்கதான்னு அம்மா எழுதி வெச்சிட்டாங்க. ஷ்னிட்சல், சாலட். வேற ஒண்ணும் வேணாமாம்."

"எங்க சாலட்டா?" என்று தெக்லா கேட்டாள்.

"இந்தக் கடை சாலட்னுதான் எழுதியிருக்கு."

மன்னிப்பா, கடைசிச் சீண்டலா? எழுதுகிற நானே தெக்லாவைவிட ஒரு சொல் கூடுதலாக அறியேன். என் வரைவில் அன்று காலை எட்டு கிலோ கிழங்கும் தானாகவே சரியாக வந்தது. இறந்தவள் வந்து கைகொடுத்தது போல. அழகாகத்தான் இருந்தது. கிழித்துப் போட்டேன்.

நடந்தது இதுதான். சாறு தேங்கியது. நாற்பது பேர் கறுப்பு உடையில் உட்கார்ந்து ஒரு வில்லை மிச்சமில்லாமல் சாப்பிட்டார்கள். தெக்லா தானே மேசை மேசையாகப் போய்க் கிண்ணங்களை எடுத்தாள். வெசெலியின் மேசையில் நின்றாள். அவர் கிண்ணத்தின் அடியில் சாறு இருந்தது. அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள்.

"நல்லா இருந்துது தெக்லாம்மா," என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

இரண்டு வருடக் கேலியில் ஒருமுறைகூடக் கலங்காதவள், கிண்ணத்தை மேசையிலேயே வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

நான் எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். தட்டைக் காலி செய்தேன்.

7

மூன்றாவது முடிவு என்னிடம் இல்லை. இன்று சொன்னால், இத்தனை எளிதான விஷயத்துக்காக ஒருத்தியை இழந்தோம் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் ஒவ்வொரு மத்தியானமும் அவள் கிண்ணத்தின் அடியைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். இரண்டில் எது கொடுமை என்று தீர்மானிக்கும் உரிமையை நான் தொலைத்துவிட்டேன். கடை திங்கள் தவிர எல்லா நாளும் திறந்திருக்கும். ஹெர்னால்ஸ் பக்கம் போனால் நீங்கள் தீர்மானியுங்கள். சொல்வதென்றால் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்:

கிழங்கைத் தோலோடு வேகவைத்து, சூடாக இருக்கும்போதே உரித்து வில்லை போட வேண்டும். கொதிக்கும் கறிச்சாற்றில் வினிகர், உப்பு, சர்க்கரை, கடுகு விழுது கலந்து உடனே ஊற்றி, கால் மணி நேரம் விட வேண்டும். தெக்லா எண்ணெயையும் அந்தச் சாற்றிலேயே அடித்துக் கலக்கி ஊற்றுகிறாள். எண்ணெய் வில்லையைப் பூசி மூடிவிடுகிறது. சாறு உள்ளே போக வழியில்லாமல் அடியில் தேங்குகிறது. கிழங்கு குடித்து முடித்த பிறகு, கடைசியாகத்தான் எண்ணெய் விட வேண்டும்.