மண்டையோடு போட்ட பலூன்

தாராவியில் கணேசபாண்டியன் ஓட்டிய டெம்போவுக்கு ஹாரன் கிடையாது. கெட்டுப்போனபோது மாற்ற வேண்டும் என்றுதான் நினைத்திருந்தார். மறுநாள் சயான் சர்க்கிளில் ஒரு லாரி குறுக்கே நின்றது. இவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஒரு திட்டுத் திட்டினார். லாரி தானாக ரிவர்ஸில் போய் ஓரங்கட்டியது. லாரி டிரைவர் அப்போது கீழே இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்தார் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். இப்படி ஒரு வாய் இருக்கும்போது ஹாரன் எதற்கு என்று அதன் பிறகு விட்டுவிட்டார்.

அந்த வாய் ராசியான வாய் என்று கண்டுபிடித்தது எதிர்வீட்டு இனாயத்துல்லாதான். மேலப்பாளையத்துக்காரர். கீழே தோல் பை தைக்கும் பட்டறை, மாடியில் வீடு. முதல் பெரிய ஆர்டரைப் பேசுவதற்குச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிய காலையில், கணேசபாண்டியன் வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை மாதிரிப் போகிற நண்பன் மேல் சந்தே கண் வைக்கும் என்று அவருக்குப் பயம். திருநெல்வேலிப் பக்கம் அழகான குழந்தையைக் கருங்குரங்கு என்று கொஞ்சுவார்களே, அதே கணக்குதான். நுரையைத் துப்பிவிட்டுச் சொன்னார்:

"ஏலே சவத்து மூதி, பேதில போறவனே, போய்ட்டு வந்து தொலைலே!"

ஆர்டர் கிடைத்தது. அன்றிலிருந்து இந்தத் திட்டை வாங்காமல் இனாயத்துல்லா சந்துச் சாக்கடை மேல் போட்ட பலகையைத் தாண்டியதில்லை. வாசலில் வந்து கைகட்டி நிற்பார். "சீக்கிரம் வையிலே, டிரெயினுக்கு நேரமாச்சு" என்பார். திட்டு விழுந்ததும் முகம் தெளிந்து போவார். பிறகு பரீட்சைக்குப் போகிறவர்கள் வந்தார்கள், துபாய் விசாவுக்குப் போகிறவர்கள் வந்தார்கள். தாணேயிலிருந்து ஒரு குடும்பம் கல்யாணப் பத்திரிகையோடு வந்து, மாப்பிள்ளையை மட்டும் கொஞ்சம் கெட்டியாகத் திட்டச் சொன்னது. ஆளுக்கு ஏற்ற திட்டு அவரிடம் இருந்தது. கெட்டியான ரகங்களை இங்கேயும் அச்சில் ஏற்ற முடியாது.

பிறகு தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டுக் கழுத்தில் ஒரு ஓட்டை வைத்து அனுப்பினார்கள். வெளியே எடுத்த பிறகும் அது தட்டில் கிடந்து ஏதோ முணுமுணுத்ததாக ஒரு நர்ஸ் சொன்னாராம். நர்ஸ் கேரளத்துக்காரர், அதனால் முழுசாகப் புரியவில்லையாம்.

வீட்டுக்கு வந்த முதல் காலை இனாயத்துல்லா வழக்கம்போல வந்து நின்றார். கணேசபாண்டியன் வாயைத் திறந்தார். கழுத்து ஓட்டையிலிருந்து சைக்கிள் பம்ப் அடிக்கிற மாதிரி காற்று வந்தது. குழாயடியில் யாரோ சிரித்துவிட்டார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, சிரிப்பு வந்துவிட்டது. கணேசபாண்டியன் வாயை மூடினார். அதன் பிறகு சாப்பாட்டுக்குத் தவிர அதைத் திறக்கவில்லை.

ஒரு சிலேட்டு வாங்கிக்கொண்டார். டீ, மாத்திரை, கரண்ட் இல்லை என்பதற்கெல்லாம் அது போதும். திட்டுக்குத்தான் ஆகவில்லை. இனாயத்துல்லாவின் மகன் பைசான் தூத்துக்குடிக்குப் பெண் பார்க்கப் போகும்போது எழுதிக் காட்டினார். கல்யாண வயசுப் பையன், ஆனால் தமிழ் எழுத்து தகராறு. "ச... வ... த்... து... சவத்து. சரி மாமா, ஆகே க்யா ஹை, அடுத்து என்ன?" என்று கேட்டான். எழுத்துக்கூட்டி வாங்குகிற திட்டில் என்ன ராசி இருக்கும்? பெண் அமையவில்லை.

பழைய குரல் எங்காவது பதிவாகி இருக்கிறதா என்று மகள் மாலதி எல்லார் போனிலும் தேடினாள். இருந்தது. ஆனால் கேமராவைக் கண்டால் அவர் தமிழ் வாத்தியார் ஆகிவிடுகிற ஆள். எல்லாக் கல்யாண வீடியோவிலும், "மணமக்கள் பல்லாண்டு வாழ்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாலதி செம்பூரில் ஒரு விளம்பரக் கம்பெனியில் படம் வரைகிறவள். ஒரு நாள் பேனாவையும் அட்டையையும் எடுத்து, ஹாரன் இல்லாத டெம்போ டிரைவர் ஒருவரைக் கட்டம் கட்டமாகப் படக்கதையாக வரைய ஆரம்பித்தாள். மூக்கு விடைத்த முகம், எச்சில் தெறிக்கும் வாய், வாயிலிருந்து கிளம்பும் பலூன். பலூனுக்குள் திட்டு. எழுத்தையும் அவளே வரைந்தாள். 'ஏலே' சின்னதாகக் கிளம்பி, 'மூதி'யில் வீங்கி, 'தொலைலே' பலூனை இடித்துக்கொண்டு வெளியே வரப் பார்த்தது. அதைப் பார்த்த கணேசபாண்டியன் கையைக் கொண்டுபோய்க் கழுத்து ஓட்டையைப் பொத்திக்கொண்டார். ஏதோ சத்தம் வந்துவிட்டது போல இருந்தது அவருக்கு.

மறுநாள் இனாயத்துல்லா வந்து நின்றபோது அந்த அட்டையைத் தூக்கிப் பிடித்து, பலூனில் விரலை வைத்துக் காட்டினார்.

இனாயத்துல்லா பலூனைப் படித்தார். காதைக் குடைந்துகொண்டார்.

"மெதுவாலே. தெருவே கேக்குது" என்றார்.

அன்றைக்கு பதில் சொல்லாமல் இழுத்தடித்த ஒரு பார்ட்டி தானாகக் கூப்பிட்டு ஆர்டர் கொடுத்தான். மறுபடியும் வாசலில் ஆள் சேர ஆரம்பித்தது. மாலதி வரைய வரைய அவருக்குத் திட்டுகள் திரும்பி வந்துகொண்டிருந்தன. ஒரு மழைக்காலம் முழுக்க அப்படிப் போயிற்று.

அந்த அட்டைகளைத்தான் மாலதி மாட்டுங்காவுக்கு எடுத்துப் போனாள். அங்கே ராஜலக்ஷ்மி என்கிற அம்மாள் இரண்டு அறையை வைத்துக்கொண்டு, பம்பாய்த் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் புத்தகம் போட்டுவந்தாள். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்கறது மாலதி. ஆனா இதை நான் போட முடியாது."

"எங்க சந்துல இதுதான் மேடம் பேச்சு. இதை எடுத்துட்டா எங்கப்பா ஏது?"

"சந்துல இருக்கட்டும்மா. புஸ்தகத்துல இருந்தா எவனாவது ஒருத்தன் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்புல போடுவான். ஸ்கூல் லைப்ரரி எல்லாம் கட்டோட திருப்பி அனுப்பிடும். போன தடவை கழுதைங்கற வார்த்தைக்கு மன்னிப்பு எழுதிக் குடுத்தேன். கழுதைதான் அந்தக் கதையில ஹீரோ. அதுக்கே அப்படி." பென்சிலை எடுத்து ஒரு தாளில் எழுதினாள். "ஒண்ணு, இந்த மாதிரி மாத்து. இல்லேன்னா சிம்பல் போடு. நட்சத்திரம், சுழி, இடி, அந்த மாதிரி. குழந்தைகளுக்குப் புரிஞ்சுடும், பெரியவாளுக்குக் கேக்காது."

தாளை மாலதி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். 'அடடா நண்பா, பத்திரமாகச் சென்று வா!' என்று இருந்தது. கணேசபாண்டியன் அதைப் படித்தார். தன் போட்டோவுக்கு வேறு ஒருவன் முகத்தை ஒட்டி மாலை போட்டுவைத்தது போல இருந்தது. சிலேட்டில் எழுதினார்: 'யார் இவன்?'

"அப்ப சிம்பல்தான் யப்பா. இதுல பாருங்க." மாலதி ஒரு தாளில் வரிசையாக வரைந்து காட்டினாள்.

நட்சத்திரம் சினிமா போஸ்டர் மாதிரி இருந்தது. சுழியைப் பார்த்தால் ஜிலேபி ஞாபகம் வந்தது. மண்டையோட்டில் அவர் விரல் நின்றது. அதுதான் சவத்து மூதியின் கனத்துக்கு நிற்கும் என்று தோன்றியது. முறைக்கிறது, பல்லைக் கடிக்கிறது, டிராம்பே கெமிக்கல் கம்பெனி வேலிகளில் தொங்குகிற அபாயப் பலகை மாதிரி தூரத்திலிருந்தே தெரிகிறது. மூன்று விரலைக் காட்டினார். பக்கத்தில் ஒரு இடி. ரொம்ப நாளுக்குப் பிறகு அன்று அவர் முகத்தில் குறும்பு வந்தது.

கம்ப்யூட்டரில் மாற்றியிருக்கலாம். ஆனால் மாலதி கையால் செய்கிறவள். ராஜலக்ஷ்மியின் மேஜையிலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு பலூனிலும் வெள்ளை மையைத் தடவி, அது காய்ந்ததும் மேலே வரைந்தாள். அந்த வெள்ளைக்கு அடியில் இனாயத்துல்லாவின் திட்டும் மாட்டிக்கொண்டது என்று அவளுக்கும் தோன்றவில்லை, அவள் அப்பாவுக்கும் தோன்றவில்லை.

அட்டைகள் மாட்டுங்காவில் இருந்த நாட்களில்தான் இனாயத்துல்லாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதயத்தில் அடைப்பு. உடனே ஆபரேஷன் என்றார் டாக்டர். இனாயத்துல்லா வீட்டுக்கு வந்து சாக்கடைப் பலகையில் நின்றபடி எதிர்வீட்டைப் பார்த்தார்.

"புஸ்தகம் எப்பம்மா வரும் மாலதி?"

"அடுத்த வாரம் வந்துரும் மாமா. வேணும்னா புதுசா ஒரு அட்டை வரைஞ்சு தரட்டுமா?"

"புதுசு வேண்டாம், அந்தப் படந்தான் ராசி. அப்பம் அடுத்த வாரம் போறேன்."

பைசான் கத்தினான். "வாப்பா, பாகல் ஹோ கயே க்யா, பைத்தியமா? டாக்டர் அர்ஜென்ட்ங்கறாரு. நீங்க காமிக்ஸுக்கு வெயிட் பண்றீங்க!"

"நீ சும்மா கெட. திட்டு வாங்காமப் போயி நான் என்னிக்குலே உருப்படியா வந்திருக்கேன்?"

கணேசபாண்டியன் இதையெல்லாம் வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மண்டையோட்டைப் பற்றிச் சிலேட்டில் எழுதவில்லை. திறந்ததும் அசந்துபோகட்டும் என்று வைத்திருந்தார். அடுத்த வாரம் அதற்கடுத்த வாரமாயிற்று. பிரஸ்ஸில் பேப்பர் வரவில்லையாம். இனாயத்துல்லா மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு மீதியை ஏறினார்.

புத்தகக் கட்டு வந்த மறுநாள் காலை ஆட்டோவும் வந்தது. பைசான் பையோடு ஏறி உட்கார்ந்தான். இனாயத்துல்லா சலவைச் சட்டையில் வந்து கைகட்டி நின்றார்.

"வையிலே பாண்டி. பெரிய பிரயாணம். கெட்டியா வையி."

கணேசபாண்டியன் பக்கத்தைத் திறந்து தூக்கிப் பிடித்து, பலூனில் விரலை வைத்தார். வைத்த பிறகுதான் நண்பன் நிற்கிற இடத்திலிருந்து அது எப்படித் தெரியும் என்று பார்த்தார். மண்டையோடு, இடி, மண்டையோடு, மண்டையோடு. 'போய்ட்டு' இல்லை. 'வந்து' இல்லை.

இனாயத்துல்லா குனிந்து பார்த்தார்.

"வார்த்தை எங்கலே?"

மாலதி ஓடி வந்தாள். "மாமா, அது திட்டுதான் மாமா. அச்சுல போட முடியாதுன்னுட்டாங்க. அதுக்குப் பதிலாத்தான் இது..."

"ஆஸ்பத்திரிக்குப் போறவனுக்கு மண்டையோடா? அதுவும் மூணா?" இனாயத்துல்லா சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. "ஒண்ணு பத்தாதுன்னு நெனச்சியோலே?"

"பழைய அட்டை போட்டோவா இருக்கு மாமா, போன்ல. காட்டட்டுமா?"

"போட்டோவுல திட்டு வாங்குறது போட்டோவுல பிரியாணி திங்கிற மாதிரிலா. வேண்டாந்தாயி."

அவர் நகரவில்லை. புத்தகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கணேசபாண்டியனின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். கணேசபாண்டியனுக்குக் குழாயடியும் தெரிந்தது, குடத்தோடு நிற்கிற பெண்களும் தெரிந்தார்கள். உதடு ஒட்டிக்கொண்டது. நாக்குக்கு அடியில் திட்டு முழுசாக இருந்தது, காற்றும் இருந்தது. பம்ப் சத்தத்தை நினைத்தார். உதடு பிரியவில்லை.

"சரிலே" என்றார் இனாயத்துல்லா. தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

ஆட்டோ முனை திரும்பிய பிறகு கணேசபாண்டியனுக்கு வாய் திறந்தது. பம்ப் சத்தம் கேட்டது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

ஆபரேஷனில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாம் என்றும் சொன்னார்கள். இனாயத்துல்லா நடந்து திரும்பி வரவில்லை. கபரஸ்தானில் கணேசபாண்டியன் ஓரமாக நின்று ஒரு பிடி மண் போட்டார். திட்டு அப்போதும் நாக்குக்கு அடியிலேயே கிடந்தது. வந்து தொலை என்று அங்கே எதைப் பார்த்துச் சொல்வது?

புத்தகம் நன்றாகப் போயிற்று. ராஜலக்ஷ்மி போனில் கூப்பிட்டாள், மாலதி ஸ்பீக்கரில் போட்டாள். "குழந்தைகள் எல்லாம் அந்த மண்டையோட்டைத்தான் நோட்டுல வரைஞ்சிண்டிருக்கா. அடுத்த பதிப்புக்கு மேலட்டையிலேயே பெரிசா போட்டுடலாம்னு பார்க்கறேன். அப்பாகிட்ட சொல்லு, சந்தோஷப்படுவார்."

கணேசபாண்டியன் சிலேட்டில் எழுதினார்: 'எடுக்கச் சொல்.'

"எடுத்துட்டு என்ன போடறது?" என்று கேட்டது போன். "வார்த்தை போட முடியாதும்மா, அது தெரியுமோல்லியோ?"

அவர் சிலேட்டைத் துடைத்தார். துடைத்ததை மாலதியிடம் காட்டினார்.

"ஒண்ணுமே வேண்டாங்கறாரு மேடம். பலூன் காலியா இருக்கட்டுமாம்."

"காலியாவா? பிரிண்டிங் மிஸ்டேக்னு நினைச்சுப்பாளே!"

நினைத்துக்கொள்ளட்டும் என்று அவர் எழுதவில்லை. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த மறுநாள், பைசான் பட்டறையைத் திறந்தான். வாப்பாவின் பழைய பார்ட்டியைப் பார்க்க முதல் தடவையாகத் தனியாகக் கிளம்பினான். சலவைச் சட்டை. சாக்கடைப் பலகை வரை போய்விட்டுத் திரும்பி வந்து, கைகட்டி நின்றான். எப்படி நிற்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, பார்த்ததுதான்.

"புக் வேண்டாம் மாமா" என்றான்.

குழாயடியில் கூட்டம். கணேசபாண்டியன் அவன் சட்டையைப் பார்த்தார். எழுந்து நின்று, வாயைத் திறந்து, ஏலே என்று ஆரம்பித்தார். கழுத்திலிருந்து காற்று வந்தது. எந்த வார்த்தையும் கேட்கவில்லை. எழுத்தைப் போலவே அவர் உதட்டையும் படிக்கப் பைசானுக்குத் தெரியாது. காற்று முடிகிறவரை நின்றான். பிறகு போனான்.